மழைநீரைத் தேடிய மீன்கள்

மும்பையிலிருந்து சென்னைக்குப் பணியிட மாற்ற ஆணை வந்தபோது, வீட்டுப் பொருள்களைக் கட்டி அனுப்புவது எங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கவில்லை. வங்கிப் பணியில் இருப்போரின் குடும்பங்களுக்கு அது பழகிப்போன வேலை. கவலையெல்லாம், வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் இருந்த ஆறு டிஸ்கஸ் மீன்களைப் பற்றியதே. கிராஃபோர்டு சந்தையில் சிறு குஞ்சுகளாக வாங்கி, நான்கு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாக வளர்த்தவை அவை. அவற்றுள் ஓர் இணை, மும்பை வீட்டிலேயே மூன்று முறை குஞ்சு பொரித்தும் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் முழுவதும் மீன்களுக்கு இரை போடவில்லை. வயிறு காலியாக இருந்தால் பயணத்தின்போது கழிவு குறையும். பையிலுள்ள நீரும் கெடாது. ஒவ்வொரு மீனையும் ஆக்சிஜன் நிரப்பிய தனித்தனிப் பையில் இட்டு, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, ரயிலில் எங்களுடனேயே கொண்டுவந்தோம். கூடவே இரண்டு கேன்களில் மும்பைக் குழாய் நீரும் வந்தது. காசிக்குச் சென்றவர்கள் கங்கை நீர் கொண்டுவருவதைப்போல நாங்கள் மும்பை நீரைக் கொண்டுவருகிறோம் என்று உறவினர்கள் சிரித்தார்கள். அந்த இரண்டு கேன்களின் அருமையை அடுத்த ஆறு மாதங்களில் நாங்கள் நன்றாகவே உணர்ந்தோம்.

கருப்பு ஆற்றின் மீன்

டிஸ்கஸ் மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. ஆஸ்திரிய இயற்கையியலாளர் யோஹான் நாட்டரர் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதியில் சேகரித்த மீனை, வியன்னாவில் பணியாற்றிய யோஹான் யாகோப் ஹெக்கெல் 1840ஆம் ஆண்டில் ஆராய்ந்து, அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். வட்டத்தட்டுப் போன்ற அதன் உடலமைப்பே இன்றைய பெயருக்கும் காரணம்.

ரியோ நீக்ரோ என்றால் போர்ச்சுகீசிய மொழியில் 'கருப்பு ஆறு' என்று பொருள். காட்டில் உதிர்ந்த இலைகள் மழைநீரில் ஊறி, தேயிலை வடிநீரைப்போல நீரின் நிறத்தை மாற்றிவிடுகின்றன. பார்வைக்குக் கருமையாகத் தோன்றினாலும் உப்புகளைப் பொறுத்தவரை அது மிகத் தூய நீர். கரைந்துள்ள தாதுக்கள் மிகக் குறைவு. அமிலத்தன்மை மிகுதி. காட்டில் பெய்த மழை, இலைச்சாற்றைத் தவிர வேறெதையும் அதிகமாகச் சேர்த்துக்கொள்ளாமல் ஆறாக ஓடுகிறது என்றே சொல்லலாம்.

இன்று நம் கடைகளில் கிடைக்கும் டிஸ்கஸ் மீன்களில் பெரும்பாலானவை காட்டில் பிடிக்கப்பட்டவை அல்ல. பல தலைமுறைகளாகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டவை. எனவே, பி.எச். அளவு 6 முதல் 7.5 வரையுள்ள நீரிலும், ஓரளவு கடினமான நீரிலும் அவை உயிர் வாழும், நன்றாகவே வளரும். ஆனால் உயிர் வாழ்வது வேறு, இனம் பெருக்குவது வேறு. முட்டையிடும் நேரம் வந்ததும் அந்த மீன் தன் முன்னோரின் நீரையே கேட்கிறது. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு மாதங்கள் ஆயின.

ஒரே மீன், இரண்டு ஊர் நீர்

மும்பை மாநகரம் மழைநீரால் நிரம்பும் ஏரிகளிலிருந்து குடிநீரைப் பெறுகிறது. அங்கே எங்கள் குழாய் நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 80 பி.பி.எம். அளவிலேயே இருந்தது. அந்த எண்ணை நாங்கள் அப்போது பொருட்படுத்தியதே இல்லை. குளோரின் நீங்குவதற்காக நீரை ஒரு நாள் டிரம்மில் வைத்திருந்து தொட்டியில் ஊற்றுவோம், மீன்கள் முட்டையிடும், குஞ்சு பொரிக்கும். எங்கள் திறமையால்தான் அது நடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

சென்னையில் நாங்கள் குடியேறிய அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரே முதன்மை ஆதாரம். அதை அளந்தபோது டி.டி.எஸ். 900ஐக் காட்டியது, பி.எச். 8. ஆறு மீன்களையும் உடனே அந்த நீரில் விட்டிருந்தால் அவற்றின் உடல் தாங்கியிராது. கொண்டுவந்த மும்பை நீரை முதலில் தொட்டியில் ஊற்றி, புதிய நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு வார காலத்தில் மெல்ல மெல்ல மாற்றினோம். ஆறும் பிழைத்தன.

ஊர் மாறினால் நீர் மாறும் என்பது நம் நாட்டில் எல்லோரும் அறிந்ததே. கேரளத்தின் செம்புரைக்கல் பகுதிக் கிணறுகளில் நீர் மென்மையாகவும் அமிலத்தன்மையுடனும் இருப்பது வழக்கம். பெங்களூரில் காவிரி நீர் வரும் தெருவுக்கும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் தெருவுக்கும் வேறுபாடு உண்டு. ஆகவே, ஓர் ஊரில் வெற்றி கண்ட வளர்ப்பு முறையை மற்றோர் ஊரில் அப்படியே பின்பற்ற இயலாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரும், பி.எச்., அமோனியா ஆகியவற்றை அறியும் சோதனைப் பெட்டியும், மீன் வாங்கும் முன்பே வாங்க வேண்டியவை.

இரண்டு மீன்களை இழந்த இரவு

ஜூன் மாத இறுதியில் அடுக்ககக் கிணறு வற்றியது. லாரி நீர் வந்தது. அன்று தொட்டி நீரை மாற்ற வேண்டிய நாள். டிரம்மில் சேமித்த நீர் தீர்ந்திருந்ததால், ஒரு நாள்தானே என்று எண்ணிக் குழாயில் வந்த நீரையே நேராகத் தொட்டியின் பாதி வரை நிரப்பினோம். சற்று நேரத்தில் மீன்களின் நிறம் கருத்தது; செவுள்கள் வேகமாக அடித்துக்கொண்டன. காலையில் இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன.

லாரி நீரில் கிருமி நீக்கத்துக்காக இட்ட குளோரின் மிகுதியாக இருந்திருக்கிறது. மனிதர்களுக்குப் பாதுகாப்பைத் தரும் அதே குளோரின், மீனின் செவுளை எரித்துவிடும். நீரை ஒரு நாள் காற்றோட்டத்துடன் வைத்திருந்தால் அது நீங்கிவிடும். அவசரத்துக்கு 'ஆன்டி-குளோரின்' என்று கடைகளில் விற்கப்படும் சோடியம் தயோசல்பேட் உதவும். இரண்டும் எங்களுக்குத் தெரிந்தவையே. தெரிந்திருந்தும் செய்யாமல் விட்டதற்கு நான்கு ஆண்டுகள் வளர்த்த இரண்டு உயிர்களை விலையாகக் கொடுத்தோம்.

டிஸ்கஸ் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகை அமோனியா. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை, வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது, அளவோடு இருந்தால் பெரிதாகத் தீங்கு செய்யாது. நீரை மாற்றும்போது வெளியேறிவிடும். இந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் உடனே டிஸ்கஸ் மீன்களை விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அமோனியாவின் நச்சுத்தன்மை பி.எச். அளவைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸ் நீரில், பி.எச். 6 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 7இல் அது ஏறத்தாழ 0.8 விழுக்காடு, பி.எச். 8இல் ஏறத்தாழ 7.5 விழுக்காடு. பி.எச். ஒரு புள்ளி உயர்ந்தால் நஞ்சு ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. மும்பையில் எங்கள் சிறு கவனக்குறைவுகளை மன்னித்த நீர், சென்னையில் மன்னிக்கவில்லை.

வெப்பநிலையும் கவனத்துக்குரியது. டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெதுவெதுப்பான நீர் வேண்டும். ஆனால் நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகிவிடும். எனவே காற்றுக் குமிழிகளை அனுப்பும் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்வெட்டுக்கு மின்கலத்தில் இயங்கும் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நலம். மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் தேவை.

பருப்பு வெந்தது, முட்டை பொரிக்கவில்லை

எஞ்சிய நான்கு மீன்களில் நல்லவேளையாக அந்த இணையும் இருந்தது. அவற்றை ஒவ்வொரு பக்கமும் 45 சென்டிமீட்டர் கொண்ட, ஏறத்தாழ 90 லிட்டர் கொள்ளும் தனித்தொட்டிக்கு மாற்றினோம். அடியில் மணல் இல்லை. நடுவில் சுட்ட மண்ணால் ஆன கூம்பு ஒன்று. மூலையில் குஞ்சுகளை உறிஞ்சிவிடாத ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஜூலை மாதத்தில் இணை கூம்பைத் துடைக்கத் தொடங்கியது. ஒரு மாலையில் பெண்மீன் வரிசை வரிசையாக முட்டையிட, ஆண்மீன் பின்தொடர்ந்தது. பெற்றோர் இரண்டும் மாறி மாறி விசிறிக் காவல் இருந்தன. இரண்டாம் நாள் முட்டைகள் அனைத்தும் வெள்ளை வெளேரென்று மாறின. கருவுறாத முட்டையின் அடையாளம் அது.

பத்து நாள்கள் கழித்து மீண்டும் இட்டன, மீண்டும் வெண்மை. மூன்றாம் முறையும் அப்படியே. ஆண்மீனுக்கு ஏதேனும் குறையா என்று ஐயுற்றோம். டிஸ்கஸ் மீன்களில் இரண்டு பெண்மீன்கள் இணைபோல் நடந்துகொண்டு முட்டையிடுவதும் உண்டு. ஆனால் இதே இணைதான் மும்பையில் மூன்று முறை குஞ்சு பொரித்தது. மாறியது நீர் மட்டுமே.

கால்சியம் மிகுந்த நீரில் முட்டையின் மேலுறை இறுகிக் கருவுறுதல் தடைபடுகிறது என்பது டிஸ்கஸ் வளர்ப்போரின் நெடுநாள் அனுபவம். இதை நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட அம்மா, சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "இந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது. மீன் முட்டை மட்டும் பொரிஞ்சிடுமா?"

வீட்டுக்கு நீர் மென்மையாக்கும் கருவி ஒன்றைப் பொருத்தினோம். பருப்பு நன்றாக வெந்தது. ஆனால் அடுத்த இரண்டு முறையும் முட்டைகள் வெளுத்தன. மீட்டரை நீரில் வைத்துப் பார்த்தோம், டி.டி.எஸ். முன்புபோலவே 900. அப்போதுதான் எங்கள் பிழை விளங்கியது. அத்தகைய கருவி நீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விட்டுவிடுகிறது. சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும். ஆனால் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. டிஸ்கஸ் மீனின் முட்டைக்கு வேண்டியதோ எல்லா உப்பும் குறைந்த நீர்.

கணக்கும் கலவையும்

எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி அந்த வேலையைச் செய்கிறது. எங்கள் கருவியிலிருந்து வந்த நீரின் டி.டி.எஸ். 30. அதை அப்படியே பயன்படுத்துவதும் தவறு. தாதுக்களே இல்லாத நீரில் பி.எச். அளவைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் இருக்காது. சில நாள்களில் அமிலத்தன்மை திடீரென்று ஏறிவிடும். வடிகட்டியின் நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும்.

எனவே கலந்தோம். மென்மையாக்கும் கருவிக்குள் செல்லாத குழாய் நீர் 10 லிட்டர், ஆர்.ஓ. நீர் 90 லிட்டர். பத்தில் ஒரு பங்கு 900, பத்தில் ஒன்பது பங்கு 30 என்று கணக்கிட்டால் கலவையின் டி.டி.எஸ். 117 வரும். இனப்பெருக்கத்துக்கு 50 முதல் 150 வரையிலான அளவு பொருந்தும். நிழலில் உலர்த்திய நாட்டு வாதுமை இலைகள் சிலவற்றை அந்நீரில் ஊறவைத்தோம். அமேசான் காட்டின் இலைச்சாறு செய்யும் வேலையைச் சிறிதளவில் அவை செய்கின்றன. நீர் இளம்பழுப்பு நிறமாகி, பி.எச். 6.5ஐ நெருங்கியது. ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாள்களில் படிப்படியாக மாற்றினோம்.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. எங்கள் ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு இரண்டு லிட்டருக்கு மேல் கழிவு நீரை வெளியேற்றியது. வாளிகளில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தினோம். அப்படியும் மிஞ்சியது. உப்பு மிகுந்த அந்நீரைச் செடிகளுக்கு ஊற்றவும் முடியாது.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த நாள்களில் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றவர் அவர். "ரயில்ல தண்ணி வந்த ஊருப்பா இது. மீனுக்காக இவ்வளவு தண்ணிய வீணாக்கலாமா?" என்று கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. பிறகு அவரே வழியும் சொன்னார். அவருடைய இளமைக் காலத்தில், கிணற்று நீரில் பருப்பு வேகாத ஊரில், மழைநீரை அண்டாக்களில் பிடித்துவைத்துச் சமைப்பார்களாம். "ஐப்பசி வரட்டும். மாடியில விழற தண்ணியப் புடிச்சு வைங்க."

மாடியிலிருந்து வந்த நீர்

அம்மா சொன்னது அறிவியலுக்கும் பொருந்தும். மழைநீர் இயற்கை தானே வடித்தெடுத்துத் தரும் நீர். அதில் உப்பு மிகக் குறைவு. அமேசானில் காட்டு டிஸ்கஸ் மீன்கள் முட்டையிடுவதும் மழையால் ஆறு பெருகும் பருவத்திலேதான். மும்பையில் எங்கள் மீன்களை வாழவைத்ததும் ஏரியில் சேர்ந்த மழைநீரே. நாங்கள் கருவிகளில் தேடியது வானத்திலிருந்து வரவிருந்தது.

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் அடுக்ககத்திலும் மாடி நீரை நிலத்துக்குள் அனுப்பும் குழாய் இருந்தது. சங்கத்தின் இசைவு பெற்று, அதில் ஒரு கிளைக் குழாயை மட்டும் எங்கள் டிரம்களுக்குத் திருப்பினோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 20 சதுர மீட்டர் மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். எங்கள் சிறு தொட்டிக்கு அது பல வாரத் தேவை.

பருவத்தின் முதல் மழைகளை அப்படியே விட்டுவிட்டோம். மாடித் தூசும் பறவை எச்சமும் காற்றின் புகையும் அவற்றோடு போய்விடும். பிறகு பிடித்த நீரைத் துணியிலும், கரி நிரப்பிய வடிகட்டியிலும் செலுத்தி, மூடிய டிரம்களில் சேமித்தோம். டி.டி.எஸ். 25. குழாய் நீரை முன்போலவே பத்தில் ஒரு பங்கு சேர்த்தோம்.

கார்த்திகை மாதத்தின் ஒரு மாலையில் இணை மீண்டும் முட்டையிட்டது. இரண்டாம் நாள் விளக்கை அணைத்து, டார்ச் ஒளியில் பார்த்தோம். ஓரத்தில் சில முட்டைகள் வெளுத்திருந்தன. மற்றவை தேன் நிறத்திலேயே இருந்து, உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தன. மூன்றாம் நாள் காலையில் கூம்பின் மேல் சின்னஞ்சிறு வால்கள் துடித்துக்கொண்டிருந்தன. அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

குஞ்சுகளின் முதல் உணவு

மேலும் மூன்று நாள்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. அப்போது டிஸ்கஸ் மீன்களின் வாழ்வில் மிக அரிய காட்சி ஒன்று நிகழ்கிறது. குஞ்சுகள் அனைத்தும் பெற்றோரின் உடலில் ஒட்டிக்கொண்டு, தோலின் மேல் சுரக்கும் கோழையை உண்கின்றன. தாய் மட்டுமன்றித் தந்தையும் இவ்வாறு ஊட்டுகிறது. ஒன்று களைத்தால் உடலை ஒரு சிலுப்புச் சிலுப்பி, குஞ்சுகளை மற்றதிடம் அனுப்புகிறது. இந்தக் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் இருப்பதையும், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் பெற்றோர் மெல்ல விலகி நீந்திக் குஞ்சுகளைத் தாமே இரை தேடப் பழக்குவதையும் 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. பால் மறக்கச் செய்வதைப் போன்ற செயல்தான் இது.

இந்நாள்களில் நீரின் மட்டத்தைச் சற்றுக் குறைத்தால் குஞ்சுகள் பெற்றோரை எளிதில் கண்டுகொள்ளும். இரவிலும் மங்கிய விளக்கு எரிய வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் ஆர்டீமியாக் குஞ்சுகளை இரையாகத் தரலாம். இரை தரத் தொடங்கியதும் கழிவு பெருகும். நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். குஞ்சுகளின் எலும்பு வளர்வதற்குத் தாதுக்கள் தேவை. எனவே குழாய் நீரின் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வந்தோம். பிறப்பதற்கு மென்னீர் வேண்டியிருந்த மீனை, வளர்வதற்கு அந்தந்த ஊரின் நீருக்குப் பழக்குவதே முறை.

தொழிலாக எண்ணுவோருக்கு

சென்னையில் கொளத்தூரும், கொல்கத்தாவில் காலிஃப் தெருச் சந்தையும் வண்ண மீன்களுக்குப் பெயர்பெற்றவை. வீட்டின் ஒரு பகுதியில் டிஸ்கஸ் வளர்ப்பைத் தொழிலாகத் தொடங்க விரும்புவோர் பலர். 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கும் இடம் தரப்பட்டது. நடப்பு விதிகளை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் வங்கிக் கிளையிலும் கேட்டு அறியலாம்.

எங்கள் அனுபவத்திலிருந்து ஒரே ஓர் அறிவுரை: திட்ட அறிக்கையில் மீனின் விலையை எழுதும் முன் நீரின் விலையை எழுதுங்கள். உங்கள் ஊர் நீரின் டி.டி.எஸ். என்ன, அதைக் குறைப்பதற்கு ஆகும் செலவு என்ன, கழிவு நீர் எங்கே போகும், கோடையில் கிணறு வற்றினால் என்ன செய்வது, மின்சாரம் ஒரு நாள் முழுவதும் நின்றால் எதைக் கொண்டு காற்றுச் செலுத்துவது ஆகியவற்றுக்கு விடை கண்ட பின்னரே முதல் இணையை வாங்குங்கள். முதலில் சில மீன்களை ஓராண்டு வளர்த்துப் பார்ப்பது, கடன் வாங்கிய பின் கற்றுக்கொள்வதைவிடக் குறைந்த செலவில் முடியும்.

இன்று எங்கள் தொட்டியில் அந்த முதல் ஈட்டுக் குஞ்சுகளில் பதினொன்று வளர்ந்து நிற்கின்றன. தொட்டியிலிருந்து வெளியேற்றும் நீரை அம்மா தம் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறார். மீன் கழிவின் சத்து அவற்றுக்கு உரமாகிறது. ஆர்.ஓ. கருவியை இப்போது கோடையின் கடைசி வாரங்களில் மட்டும் இயக்குகிறோம். மாடியில் டிரம்களின் எண்ணிக்கை ஆறாகியிருக்கிறது. வானம் இருட்டிக்கொண்டு வந்தால், காய்ந்த துணிகளை எடுப்பதற்கு முன்பே, "டிரம்மைத் திறந்து வச்சாச்சா?" என்ற அம்மாவின் குரல் எங்களை மாடிக்கு அனுப்பிவிடுகிறது.